உலகத்து நூல்கள் அனைத்தையும் விரும்பிய செல்வந்தர்

செல்வம் படைத்தோருக்குப் பித்துப் பலவகை. சிலருக்குக் குதிரைகள், சிலருக்கு ஓவியங்கள், சிலருக்கு இரத்தினக் கற்கள். இவற்றையெல்லாம் விற்றால் பணமாகும் என்ற ஆறுதலாவது அவர்களின் வாரிசுகளுக்கு இருக்கும். ஆனால், கறையான் தின்னும் பழைய ஏடுகளையும், எவரும் வாசித்தறியாத எழுத்துகள் கொண்ட தோற்சுவடிகளையும் மலைமலையாகக் குவித்து, அக்குவியலுக்காகத் தமது வருமானத்தையும், இரு மனைவியரின் நிம்மதியையும், மூத்த மகளின் உறவையும், ஈற்றில் வாழ்ந்த வீட்டையுமே இழந்த ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் வாழ்ந்தார். அவர் பெயர் சேர் தோமஸ் பிலிப்ஸ்.

பத்திரிகைத் துறையில் மூன்று தசாப்தங்களுக்கு மேலாகக் காலங்கழித்த எனக்கு, நூல் சேகரிப்போர்மீது எப்பொழுதுமே ஒருவகை மரியாதை உண்டு. ஏதேனும் ஒரு பழைய சம்பவத்தைச் சரிபார்க்க வேண்டி அரைநூற்றாண்டுக்கு முந்திய இதழொன்றைத் தேடி அலைந்த வேளைகளில், அலுவலகக் கட்டுகளில் கிடைக்காதது யாரோ ஒரு தனிமனிதரின் வீட்டுப் பரணில் கிடைத்திருக்கிறது. கொழும்பில் மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் நிறுத்துப் போடப்படவிருந்த அருமையான நூல்களை மீட்டெடுத்தவர்களும் இத்தகைய தனிமனிதர்களே. அயலவர்கள் அவர்களை விசரர் என்பார்கள். அந்த விசர் இல்லாதிருப்பின் நமது வரலாற்றின் பாதி, கடலை சுற்றிய காகிதமாகவே போயிருக்கும். பிலிப்ஸின் கதையை நான் விரும்பி வாசித்ததற்கும், இங்கு எழுத முற்பட்டதற்கும் அதுவே காரணம்.

தோமஸ் பிலிப்ஸ் 1792ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் திகதி மன்செஸ்டர் நகரில் பிறந்தார். தந்தையார் துணி உற்பத்தியில் பெரும்பொருள் ஈட்டியவர். தாயாரை அவர் முறைப்படி மணந்தவரல்லர். அக்காலத்து ஆங்கிலச் சமூகத்தில் அப்படிப் பிறந்த ஒரு பிள்ளைக்குப் பணம் இருந்தாலும் பரம்பரை இருக்கவில்லை. பழைய குடும்பங்களின் வம்சாவளி ஏடுகளையும் ஊர் ஆவணங்களையும் வாழ்நாள் முழுவதும் அவர் வெறியோடு தேடித் திரிந்ததற்கு இக்குறையும் ஒரு காரணமாயிருக்கலாம் என எண்ணத் தோன்றுகிறது.

ரக்பி பாடசாலையிலும் பின்னர் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திலும் கற்றபோதே நூல் வாங்கிக் கடன்பட்டு, தந்தையாரின் கண்டனத்துக்கு ஆளானார். 1818இல் தந்தையார் காலமானார். வூஸ்டர்ஷயர் மாவட்டத்தில் புரோட்வே என்னும் ஊருக்கு அண்மையிலிருந்த மிடில் ஹில் என்னும் மாளிகையும், அதனைச் சூழ்ந்த நிலபுலங்களும், ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 பவுண் வருமானமும் மகனுக்கு வந்தன. ஆனால், மகனின் போக்கை நன்கு அறிந்திருந்த தந்தை, நிலத்தை விற்க முடியாதபடி சட்டப்படி கட்டிவைத்துவிட்டே கண்மூடினார். வருமானத்தை அனுபவிக்கலாம்; முதலைத் தொட முடியாது. இந்த ஏற்பாடே பிற்காலத்தில் ஒரு குடும்பத்தைச் சிதைத்தது.

1819இல் பிலிப்ஸ் ஹென்றியேற்றா மொலினோ என்னும் பெண்ணை மணந்தார். 1821இல் ‘பரோனற்’ என்னும் பரம்பரைப் பட்டம் கிடைத்தது. அதற்குள் கடன்காரர் வாசலுக்கு வந்துவிட்டனர். அவர்களுக்குத் தப்பும் நோக்கோடும், செலவைக் குறைக்கும் எண்ணத்தோடும் அவர் குடும்பத்துடன் ஐரோப்பாக் கண்டத்துக்குப் புறப்பட்டார். செலவைக் குறைக்கப் போனவர் சென்ற இடம்தான் விபரீதமானது. அவ்வேளையில் ஐரோப்பா, நூல் பித்துக் கொண்டவனுக்குத் திறந்துவிடப்பட்ட களஞ்சியமாக இருந்தது.

இதற்கான காரணத்தைச் சற்று விளக்க வேண்டும். 1789இல் வெடித்த பிரெஞ்சுப் புரட்சியின் பின்னர் பிரான்சின் துறவி மடங்கள் கலைக்கப்பட்டன. 1803ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜேர்மன் நாடுகளிலும் மடங்களின் உடைமைகள் அரசுகளால் கையகப்படுத்தப்பட்டன. ஆயிரம் ஆண்டுகளாக மடங்களின் அலுமாரிகளில் உறங்கிய தோற்சுவடிகள் வீதிக்கு வந்தன. நூலகங்களுக்குச் சென்றவை போக எஞ்சியவை நிறுத்து விற்கப்பட்டன. கன்றுத் தோலிலும் ஆட்டுத் தோலிலும் எழுதப்பட்ட அந்த ஏடுகளைப் பொன் தகடு அடிப்போர் வாங்கினர். புத்தகம் கட்டுவோர் அட்டைக்கு வலுச்சேர்க்க வெட்டினர். பசை காய்ச்சுவோர் கொப்பரையில் இட்டனர். எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் துறவியொருவர் விளக்கொளியில் எழுதிய பிரதி, உலகில் அது ஒன்றே எஞ்சியிருந்த பிரதி, ஒரு பானைப் பசையாக முடிந்தது.

இந்த அழிவைப் பற்றிய செய்திகளே தம்மைச் சேகரிப்பில் இறக்கின என்று பிலிப்ஸ் தமது நூற்பட்டியலின் முன்னுரையில் குறிப்பிடுகிறார். அவருடைய வாதம் எளிமையானது. ஒரு வியாபாரியின் மகனுக்கே தோன்றக்கூடியது. ஒரு பொருளை அழியாமற் காப்பதற்குச் சிறந்த வழி அதற்கு உயர்ந்த விலை கிடைக்கச் செய்வதே. பசைக்காரன் கொடுப்பதைவிடப் பத்து மடங்கு கொடுக்க ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்தால், எவனும் சுவடியைக் கொப்பரையில் இடமாட்டான். ஆகவே அவர் வேண்டுமென்றே அதிக விலை கொடுத்தார். 1824இல் ஹேக் நகரில் மேர்மன் குடும்பத்தின் நூல்கள் ஏலத்துக்கு வந்தபோது, பாரிஸின் யேசுசபைக் கல்லூரியொன்றிலிருந்து வந்த புராதனச் சுவடிகள் அடங்கலாகப் பெரும்பகுதியை அவரே வாரிக்கொண்டார். அதே ஆண்டில் லியாண்டர் வான் எஸ் என்னும் ஜேர்மன் இறையியலாளரின் சேகரிப்பும் அவரை வந்தடைந்தது.

தம்மை ஒரு ‘வெலோமேனியாக்’ என்று அவரே அழைத்துக்கொண்டார். ‘வெலம்’ எனப்படும் கன்றுத்தோல் ஏட்டின்மீது பித்துக்கொண்டவன் என்பது அதன் பொருள். தமிழ்க் காதுக்கு அச்சொல் வெல்லம் என்றே ஒலிப்பது ஒரு வேடிக்கையான பொருத்தம். இவர் சுவடிகளை மொய்த்த விதமும் எறும்பு வெல்லத்தை மொய்த்த விதமாகவே இருந்தது. லண்டன் வியாபாரி தோமஸ் தோர்ப் 1836இல் வெளியிட்ட சுவடிப் பட்டியலிலிருந்து தெரிவுசெய்யும் சிரமத்தை அவர் மேற்கொள்ளவில்லை; பட்டியலில் இருந்த அத்தனையையும் ஒட்டுமொத்தமாக வாங்கினார். வாரத்துக்கு நாற்பது ஐம்பது என்ற கணக்கில் நூல்கள் வந்து குவிந்தன. வாழ்நாளில் அவர் செலவிட்ட தொகை இரண்டு இலட்சம் முதல் இரண்டரை இலட்சம் பவுண் வரை இருக்கும் எனக் கணிக்கப்படுகிறது. வந்ததற்கு உடனே பணம் கொடுக்கும் வழக்கம் அவரிடம் இருக்கவில்லை. பாக்கிக்காகக் கெஞ்சிக் கடிதம் எழுதி நொந்துபோன வியாபாரிகள் பலர்.

இறுதியில் அவரிடம் சேர்ந்தவை ஏறத்தாழ 60,000 கையெழுத்துச் சுவடிகள், 40,000 அச்சு நூல்கள். எந்த ஒரு தனிமனிதரும் அதற்கு முன்னோ பின்னோ இத்தனை சுவடிகளைச் சேர்த்ததாக அறியப்படவில்லை. 1869இல், எழுபத்தேழாவது வயதை அடையும் நிலையில், நண்பர் ரொபேர்ட் கேர்சனுக்கு எழுதிய கடிதமொன்றில், உலகிலுள்ள ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி தமக்கு வேண்டும் என்று அவர் எழுதினார். ஆச்சரியக்குறிகள் பலவற்றை இட்டு எழுதிய அந்த வாக்கியம் வேடிக்கைக்காக எழுதப்பட்டதன்று.

வீடா, கிடங்கா?

மிடில் ஹில் மாளிகையில் மனிதருக்கு இடம் குறைந்துகொண்டே வந்தது. உணவறை நூல்களால் நிரம்பிப் பூட்டப்பட்டது. படுக்கையறைகளில் கட்டிலைச் சுற்றிப் பெட்டிகள் அடுக்கப்பட்டன. நீளமான, சவப்பெட்டியை ஒத்த அப்பெட்டிகளின் முன்பக்கம் கீழ்நோக்கித் திறக்கும். தீப்பிடித்தால் நூல்களை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடலாம் என்பது அவருடைய ஏற்பாடு. மரத்தைத் துளைக்கும் வண்டுகள் நூல்களை நாடாதிருக்க ஆங்காங்கே விறகுக் கட்டைகளைப் போட்டு அவற்றில் பசை தடவி வைத்தார். வண்டுகள் கட்டைக்குள் புகும்; பின்னர் கட்டையை எரித்துவிடலாம். பிரித்தானிய நூதனசாலையின் சுவடிப் பொறுப்பாளரான சேர் பிரெடெரிக் மடன் அங்கு போய் வந்து தமது நாட்குறிப்பில் எழுதியவை, அம்மாளிகையின் சீர்கேட்டுக்கும் அங்கு வாழ்ந்த பெண்களின் அவலத்துக்கும் சாட்சியாக நிற்கின்றன.

முதல் மனைவி 1832இல் மூன்று பெண்குழந்தைகளை விட்டு இறந்தார். அடுத்த பத்தாண்டுகள் பிலிப்ஸ் இரண்டாவது மனைவியைத் தேடினார். சீதனத்துக்காகத் தேடினார் என்பதே பொருத்தம். பெண்வீட்டாருடன் அவர் நடத்திய பேரம், நம்மூர்ச் சீதனப் பேச்சுகளையும் வெட்கப்பட வைக்கும். தமது விலை 50,000 பவுண் என்று வெளிப்படையாகவே சொன்னவர் அவர். கிடைத்ததோ அதைவிட வெகு குறைவு. 1842இல் எலிசபெத் மான்செல் என்பவரை மணந்தார். நூல்களுக்கும் எலிகளுக்கும் இடையில் வாழ்ந்து உடல்நலம் குன்றிய அந்த அம்மையார், பிற்காலத்தில் டோர்க்கீ நகரின் விடுதியொன்றில் கணவனைப் பிரிந்து பணமுட்டுப்பாட்டோடு நாட்களைக் கழித்தார்.

மகள்மாரும் நூற்பணிக்கே பயன்பட்டனர். தந்தைக்காகச் சுவடிகளைப் பார்த்தெழுதுவதும், புரோட்வே கோபுரத்தில் அவர் நிறுவிய சொந்த அச்சகத்தின் வேலைகளில் உதவுவதும் அவர்களின் இளமைக் காலமாயிற்று. மூத்த மகள் ஹென்றியேற்றா, மாளிகைக்குச் சுவடிகளை ஆராய வந்த ஜேம்ஸ் ஓர்ச்சர்ட் ஹொலிவெல் என்னும் இளம் அறிஞரை விரும்பினாள். பணமில்லாத மருமகனைப் பிலிப்ஸ் ஏற்க மறுத்தார். 1842 ஓகஸ்ட் மாதத்தில் இருவரும் அவரை மீறி மணம் முடித்தனர். சில ஆண்டுகளில் கேம்பிரிட்ஜ் டிரினிற்றிக் கல்லூரியிலிருந்து காணாமற்போன சுவடிகள் பிரித்தானிய நூதனசாலையில் இருப்பது தெரியவர, சந்தேகம் ஹொலிவெல்மீது விழுந்தது. நீதிமன்றத்தில் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. ஆனால், நூல் திருடன் என்ற சந்தேகத்துக்கு ஆளான ஒருவன் தமது மருமகன் என்பதை, நூல்களையே உயிராகக் கொண்ட அவரால் கடைசிவரை பொறுக்க முடியவில்லை. இறக்கும்வரை மகளை அவர் மன்னிக்கவில்லை.

இங்குதான் தந்தையார் போட்ட சட்டக்கட்டு குறுக்கே வந்தது. ஆண்வாரிசு இல்லாத நிலையில், பிலிப்ஸுக்குப் பின்னர் மிடில் ஹில் மூத்த மகளையே சேரும். அதைத் தடுக்க வழியில்லை. ஆகவே அவர் ஒரு முடிவுக்கு வந்தார். மகளுக்குச் சேரப்போகும் வீடு வீடாகவே இருக்கக்கூடாது. தோட்டத்து மரங்களை வெட்டி விற்றார். 1863இல் செல்ற்றன்ஹாம் நகரிலிருந்த தேர்ள்ஸ்ரெய்ன் மாளிகைக்கு நூல்களை இடம்மாற்றத் தொடங்கினார். நூற்றுக்கு மேற்பட்ட வண்டிச் சுமைகள், 230 குதிரைகள், 160 ஆட்கள். மாதக்கணக்கில் நடந்த அந்த ஊர்வலத்தில் பாரம் தாங்காது வண்டிகள் வழியிலேயே முறிந்தன. கைவிடப்பட்ட மிடில் ஹில்லில் யன்னல்கள் உடைந்தன. ஆடுமாடுகள் அறைகளில் உலவின. மகளின் முதுசம் அவ்வாறு பாழாக்கப்பட்டது.

மரணசாசனமும் அதன் விதியும்

தமக்குப் பின் நூல்கள் என்னாகும் என்பது அவரை வாட்டிய கேள்வி. ஒக்ஸ்போர்ட்டின் பொட்லியன் நூலகத்துடனும், 1861 முதல் தாமே அறங்காவலராயிருந்த பிரித்தானிய நூதனசாலையுடனும் பேசிப் பார்த்தார். அவர் விதித்த நிபந்தனைகளை எந்த நிறுவனமும் ஏற்றிருக்க முடியாது. பேச்சு எல்லாம் முறிந்தது.

1872 பெப்ரவரி 6ஆம் திகதி அவர் காலமானார். நூல்கள் யாவும் தேர்ள்ஸ்ரெய்ன் மாளிகையிலேயே என்றென்றும் ஒன்றாக இருக்க வேண்டும். புத்தக வியாபாரியோ அந்நியரோ அவற்றின் ஒழுங்கை மாற்றக்கூடாது. ஹொலிவெல்லோ அவர் மனைவியோ ரோமன் கத்தோலிக்கர் எவருமோ அவற்றைப் பார்க்க அனுமதிக்கப்படக்கூடாது என்று மரணசாசனம் கூறிற்று. அங்கிருந்த தொன்மையான ஏடுகளில் மிகப்பலவற்றை எழுதியவர்களே கத்தோலிக்கத் துறவிகள் என்பது அவருக்குத் தெரியாததன்று.

சொத்து மூன்றாவது மகள் கதரினுக்கும், அவர் வழியாகப் பேரன் தோமஸ் பிற்ஸ்ரோய் பென்விக்குக்கும் போனது. பராமரிக்கப் பணம் விடப்படவில்லை. 1885இல் நீதிமன்றம் சாசனத்தைத் தளர்த்தி விற்பனைக்கு அனுமதி வழங்கியது. 1886இல் முதல் ஏலம் நடந்தது. மேர்மன் சுவடிகள் 1887இல் பேர்லினுக்குப் போயின. பெல்ஜியமும் ஹொலண்டும் தத்தம் நாட்டுச் சுவடிகளை மீட்டுக்கொண்டன. அமெரிக்கக் கோடீஸ்வரர்களான மோர்கனும் ஹன்ரிங்ரனும் தம் பங்குக்கு வாங்கினர். செஸ்டர் பீற்றி வாங்கியவற்றிற் சில இன்றும் டப்ளின் நகரில் உள்ளன. இவ்வளவும் போன பின்னரும் எஞ்சியதை 1946இல் ரொபின்சன் சகோதரர்கள் என்ற லண்டன் வியாபாரிகள் ஒரு இலட்சம் பவுணுக்கு வாங்கினர். எஞ்சியதன் எச்சம் 2006இல்தான் ஏலத்தில் தீர்ந்தது. சேர்க்க ஒரு ஆயுள். கலைக்க நூற்றிருபது ஆண்டுகள்.

அந்த எச்சத்திலிருந்து வெளிப்பட்ட ஒரு சம்பவம் என்னை மிகவும் கவர்ந்தது. இங்கிலாந்தில் முதன்முதலில் அச்சுக்கூடம் நிறுவிய வில்லியம் கக்ஸ்ரன், ஓவிட் என்னும் இலத்தீன் கவிஞரின் காவியத்தை 1480ஐ ஒட்டி ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதன் கையெழுத்துப் பிரதியின் பிற்பாதி, 1703இல் இறந்த சாமுவேல் பெப்பிஸின் நூலகத்தோடு கேம்பிரிட்ஜ் மக்டலின் கல்லூரிக்கு வந்திருந்தது. முற்பாதி தொலைந்துவிட்டது என்றே உலகம் நம்பியது. 1960களில் பிலிப்ஸ் சேகரிப்பின் எச்சங்களைக் கிளறியபோது அந்த முற்பாதி அகப்பட்டது. 1966இல் அது 90,000 பவுணுக்கு ஏலம்போய் நாட்டைவிட்டு வெளியேறவிருந்தது. இரு பாதிகளையும் சேர்த்து உருவப்பிரதியாக அச்சிட்டு விற்று அந்தப் பணத்தைத் திரட்டினார்கள். பல நூற்றாண்டுகள் பிரிந்திருந்த இரண்டு பாதிகளும் இன்று ஒரே நூலகத்தில் இருக்கின்றன.

இச்சம்பவத்தில் பிலிப்ஸின் பெருமையும் சிறுமையும் ஒருங்கே தெரிகின்றன. அவர் வாங்கியிராவிட்டால் அந்த முற்பாதி இன்று இருந்திருக்குமா என்பது ஐயம். வாங்கியவர் அதை என்னவென்று அறிந்து உலகுக்குச் சொல்லியிருந்தால் நூறாண்டுக்கு முன்னரே இரு பாதிகளும் சேர்ந்திருக்கும். மலையைச் சேர்த்தவருக்கு அதில் உள்ள கற்களைப் பார்க்க நேரம் இருக்கவில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அறிஞர்களுக்கு அவர் கதவடைத்தவரல்லர். நாடி வந்தோருக்கு இடம் கொடுத்தார், சுவடிகளைக் காட்டினார். 1837 முதல் 1871 வரை அவர் சிறிதுசிறிதாக அச்சிட்ட பட்டியலில் 23,837 இலக்கங்கள் உள்ளன. உலகின் பெரு நூலகங்களில் இன்றும் அந்த ‘பிலிப்ஸ் இலக்கம்’ சுவடிகளின் பிறப்புச் சான்றிதழ்போல் வழங்குகிறது. ஷேக்ஸ்பியரின் திருமண ஆவணத்தை 1836இல் வூஸ்டரில் கண்டெடுத்தவரும் அவரே.

சேகரிப்பு ஒன்றாக இருக்கவேண்டும் என்பது அவருடைய இறுதி ஆசை. அது நிறைவேறவில்லை. நிறைவேறாததே நல்லதாயிற்று என்று நான் கருதுகிறேன். சிதறியதால்தான் அச்சுவடிகள் பேர்லினிலும் நியூயோர்க்கிலும் டப்ளினிலும் வாசிக்கப்பட்டன. ஒரே கூரையின் கீழ் இருக்கும் ஒரேயொரு பிரதிக்கு என்ன நேரும் என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு மூட்டப்பட்ட நெருப்பில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் 97,000 நூல்கள் சாம்பலாயின. அச்சு நூல்களில் பலவற்றுக்கு வேறெங்கேனும் பிரதி இருந்தது. மறுபிரதி இல்லாத ஏட்டுச்சுவடிகளோ போனவை போனவைதான்.

தீப்பிடித்தால் தூக்கி ஓடுவதற்காகப் பெட்டி செய்து வைத்தார் பிலிப்ஸ். நெருப்பைப் பற்றிய அந்த அச்சம் நியாயமானதே. ஆனால், எத்தனை பெட்டி செய்தாலும் நூலுக்கு உண்மையான காப்பு, அதன் இன்னொரு பிரதி இன்னொருவர் வீட்டில் இருப்பதே. 2005இல் தொடங்கி ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்த்து எவருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டிருக்கும் ‘நூலகம்’ திட்டத்தை நடத்துவோர், பிலிப்ஸின் பித்தில் நல்ல பாதியை எடுத்துக்கொண்டவர்கள். அவருக்கு ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி தமக்கென வேண்டியிருந்தது. இவர்கள் ஒவ்வொரு பிரதியையும் எல்லோருக்கும் ஆக்குகிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா விட்டுச்சென்ற பழைய நூலோ ஏடோ இருக்குமானால், பூட்டி வைப்பதற்கு முன் ஒருமுறை பிரதியெடுத்துக் கொடுத்துவிடுங்கள்.